பிலோ ஆன்ட்டியும் இன்னும் காயாத அப்பாவும்

முதலில் ஒரு வேண்டுகோள். இதை தயவுசெய்து யாருக்கும் காட்டாதீர்கள். பிலோ ஆன்ட்டிக்காக ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஜெபத்தில் வாசிப்பதற்காகத்தான் எழுதுகிறேன். ஆன்ட்டியின் தம்பி அந்தோணி அங்கிள் உரக்க வாசிக்கட்டும், நீங்கள் எல்லோரும் கேளுங்கள், சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் இந்தத் தாளை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். போனில் படம் எடுத்து யாருக்கும் அனுப்ப வேண்டாம். அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு என் கையெழுத்து நன்றாகத் தெரியும். அவர் என் அப்பா. ஜெபத்துக்கு அவர் வர மாட்டார், பிலோ ஆன்ட்டி வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னவர். ஆனால் தாள் எப்படியாவது ஊர் சுற்றி அவரிடம் போய்விடும். ஆஸ்டின் டவுனில் எல்லாம் அப்படித்தான்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிப்பதாக அம்மா நினைத்துக்கொண்டு தூங்குகிறாள். சமூக அறிவியல் புத்தகத்தைத் திறந்து வைத்து அதன் நடுவில்தான் இந்தத் தாளை வைத்திருக்கிறேன். ஏதாவது சத்தம் கேட்டால் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். அதனால் வரிகள் முன்னே பின்னே இருந்தால் மன்னித்துவிடுங்கள்.

பிலோ ஆன்ட்டி போய்விட்ட செய்தி எனக்கு இஸ்திரி வண்டியில்தான் கிடைத்தது. போன வாரம் பள்ளிக்குப் போகும்போது முருகேசன் அண்ணன் என்னைக் கைகாட்டி நிறுத்தினார்.

"பாப்பா, விஷயம் தெரியுமா? பிலோம்மா போயிட்டாங்க. ராத்திரி தூக்கத்துலயே. காலையில பால் பாக்கெட் வெளியவே கெடக்குதேன்னு பாத்திருக்காங்க."

சொல்லிவிட்டு அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இஸ்திரிப் பெட்டி யாருடைய பேன்ட் மேலோ அப்படியே இருந்தது. கருகிய வாசனை வந்த பிறகுதான் இரண்டு பேரும் கீழே பார்த்தோம். "ஐயோ," என்று பெட்டியைத் தூக்கினார். பேன்ட்டில் பெட்டியின் அச்சு அழகாக விழுந்திருந்தது. "இதை அவங்க பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்க தெரியுமா? 'ப்ரௌன் நல்லா வந்திருக்கு முருகேசா, இப்படியே விட்டுடு'ன்னு சொல்லியிருப்பாங்க." சிரித்தார். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் அன்று கணக்குப் பரீட்சை எழுதினேன். என்ன எழுதினேன் என்று இப்போதும் தெரியாது.

முருகேசன் அண்ணன் ஏன் அப்படி நின்றார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அவர் குறைந்தது ஐந்தாறு குடும்பங்களுக்குத் தாத்தாவாக இருந்தவர். இறந்துபோனவர்களின் பழைய போட்டோவைக் கொண்டுவந்து எண்ணெய்ச் சாயத்தில் படம் கேட்பவர்களிடம் ஆன்ட்டி போட்டோவை வாங்கி வைத்துக்கொள்வார். ஆனால் அதைப் பார்த்து அப்படியே வரைந்துவிட மாட்டார். "போட்டோ முகத்தைச் சொல்லும். வெளிச்சத்தைச் சொல்லாது," என்பார். அந்த முகத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிற ஓர் ஆளைத் தெருவில் தேடிப் பிடிப்பார். அதே மாதிரி சட்டை, அதே மாதிரி தலைப்பாகை போட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார வைப்பார். மூக்கின் பக்கத்தில் நிழல் எப்படி விழுகிறது, நெற்றியில் வெளிச்சம் எங்கே வழுக்குகிறது என்று அந்த ஆளைப் பார்த்துத்தான் போடுவார். ஆஸ்டின் டவுனில் பாதிப் பேர் யாரோ ஒருவருடைய பாட்டியாகவோ பெரியப்பாவாகவோ உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். உட்கார்ந்தவர்களுக்கு டீயும் பன்னும் உண்டு. அசைந்தவர்களுக்குத் திட்டு உண்டு.

எங்கள் வீட்டிலிருந்து அப்படிப் போய் உட்கார்ந்தவன் எங்கள் நாய். பெயர் வக்கீல். உடம்பெல்லாம் கருப்பு, கழுத்துக்குக் கீழே மட்டும் வெள்ளைப் பட்டை. குட்டியாக எங்கள் வாசலில் வந்து படுத்த அன்றே எதிர்வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. ஒரு நாள் மாலை நான் அவனை நடக்கக் கூட்டிப் போனபோது, திறந்திருந்த ஒரு கதவுக்குள் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். உள்ளே டர்பென்டைன் வாசனை. வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ், தலையில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு ஓர் அம்மா திரும்பிப் பார்த்து, "ஆடாதே! அப்படியே நில்லு!" என்று கத்தினார். நான் கல் மாதிரி நின்றுவிட்டேன்.

"உன்னை இல்லம்மா. அவனை," என்றார். "யாரு இவரு?"

"வக்கீல், ஆன்ட்டி."

"வாங்க வக்கீல் சார். நல்ல நேரத்துல வந்தீங்க. ஒரு கேஸ் மாட்டிக்கிட்டு இருக்கு."

படத்தை நிறுத்தி வரையும் ஈசல் சட்டத்தில் ஒரு கருப்பு லாப்ரடார் பாதி முடிந்திருந்தது. அது இறந்துபோய்விட்டதாம். வீட்டுக்காரர்கள் கொடுத்த போன் படத்தில் இரண்டு கண்ணும் ஒரு நாக்கும் மட்டும்தான் தெரிந்தது, மற்றதெல்லாம் இருட்டு. கருப்பு முடியில் வெளிச்சம் எப்படி விழும் என்று பார்க்க ஆன்ட்டிக்கு உயிருள்ள ஒரு கருப்பு நாய் வேண்டியிருந்தது. வக்கீல் இந்தக் கன்னட ஊரின் தெருவில் பிறந்தவன், தமிழில் சொன்னால் யோசிப்பான், கன்னடத்தில் சொன்னால் உடனே கேட்பான். நான் "கூத்கோ" என்றதும் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்தான். ஒரு பிஸ்கட் கிடைத்தது. அன்றிலிருந்து எத்தனையோ இறந்துபோன நாய்களுக்காக அவன் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான்.

கருப்பு நாய்க்குக் கருப்பு ட்யூப் நிறைய செலவாகுமே என்று நான் கேட்டேன். ஆன்ட்டி பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"கருப்பு ட்யூபா? அது இந்த வீட்டுக்குள்ளயே வரக் கூடாது. அதைப் பூசினா அங்க நாய் இருக்காது. நாய் உருவத்துல ஓர் ஓட்டை இருக்கும்."

நீலத்தையும் ஒரு கரும்பழுப்பையும் குழைத்துத்தான் அவர் கருப்பு செய்வார். அன்று அவர் காட்டிய பிறகுதான் நானும் பார்த்தேன். வக்கீலின் முதுகில் ஜன்னல் வழியாக வந்த வானம் இருந்தது. வயிற்றில் அந்த வீட்டுச் சிவப்புத் தரை இருந்தது. தினமும் குளிப்பாட்டுகிற எனக்கு அது தெரியாமல்தான் இருந்திருக்கிறது. சரி, தினமும் இல்லை.

இதைக் கேட்டுவிட்டு நான் ஓவியம் கற்றுக்கொள்ளப் போனதாக யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு ஒரு மாம்பழம்கூட வரைய வராது. ஒரே ஒரு தடவை சொல்லித் தரக் கேட்டேன். "எனக்குப் பொறுமை கிடையாதும்மா. போன்ல ஆயிரம் பேரு சொல்லித் தர்றான், போய்ப் பாரு. நீ நாயைப் பிடி," என்றார். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. நாயைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

வேடிக்கைக்கு அங்கே குறைவில்லை. ஒரு தடவை கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஒருவர் தன் வெள்ளைப் பூனையின் போட்டோவோடு வந்தார். மனைவியின் பிறந்தநாளுக்கு அடுத்த வாரமே வேண்டும் என்றார். பூனைக்கு ராஜா மாதிரி கிரீடம், தோளில் சிவப்புச் சால்வை.

"கிரீடம் போட்டா பூனைக்குத்தான் சார் அவமானம்," என்றார் ஆன்ட்டி. "அது ஏற்கெனவே ராஜான்னுதானே நெனைச்சுக்கிட்டு இருக்கு?"

"சரி மேடம், கிரீடம் வேணாம். ஆனா அடுத்த வாரம்?"

"முதல் பூச்சு டர்பென்டைன் விட்டு ரசம் மாதிரி. அது காயணும். அதுக்கு மேல கொஞ்சம் எண்ணெய் சேர்த்து. அதுவும் காயணும். கடைசியிலதான் நெய் மாதிரி எண்ணெய் விட்டுப் போடணும். மாத்திப் போட்டா ரெண்டு வருஷத்துல உங்க பூனை முகத்துல வெடிப்பு வரும்."

"கொஞ்சம் ஃபாஸ்ட்டா பண்ண முடியாதா மேடம்?"

"எண்ணெய்தான் சார் காயணும். உங்க டீம் லீடரை விட்டு அதுகிட்டச் சொல்லச் சொல்லுங்க."

அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். அடுத்த வருடப் பிறந்தநாளுக்கு அப்போதே ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனார். ஆன்ட்டியின் சுவரில் எப்போதும் அடுத்த ஆறு மாதத்துக்கான வேலைப் பட்டியல் தொங்கும்.

இனிமேல்தான் பயமான பகுதி.

அப்பா பட்டறையை அவருடைய பழைய முதலாளியிடமிருந்து வாங்கியபோது, முதலாளி தன் பெரிய எண்ணெய்ப் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக, கட்டம் கட்டினாற்போல் இருந்தது. அப்பா தினமும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்தார். அந்த வெளுப்பு அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். போன வருட மழைக்காலத்தில் ஒரு நாள், "உன் நாய் போகுதே, அந்த மேடம் ஆளுங்களையும் வரைவாங்களா?" என்று என்னைக் கேட்டார். வக்கீல் எப்போதும் "உன் நாய்"தான். அப்பா அவன் பெயரைச் சொல்ல மாட்டார். நாய்க்கு முடி கொட்டும், செலவு, வீட்டுக்கு ஆகாது என்பார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அப்பா கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்காரப் போனார். கோட்டு முன்பக்கம் சேரவில்லை. "மூச்சு விடுங்க சார், ஒண்ணும் ஆகாது. பட்டன் தெறிச்சா நான் தைச்சுத் தர்றேன்," என்றார் ஆன்ட்டி. அப்பா மூச்சு விடவில்லை. நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வக்கீலுக்குத் தன் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தது பிடிக்கவில்லை. நேராகப் போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். ஒவ்வொரு ஞாயிறும்.

படம் முடிந்ததும் அப்பா தன் நண்பர் நாகராஜ் அங்கிளையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதுதான் தப்பாகப் போயிற்று. ஆன்ட்டி துணியை விலக்கியதும் நாகராஜ் அங்கிள், "ஏன் சார் இது, நாயி ஜொத்தெ போட்டோனா?" என்று கன்னடத்தில் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டார். என்ன இது, நாயோடு போட்டோவா என்று அர்த்தம். படத்தில் அப்பா இருந்தார், கோட்டு இருந்தது, அப்பாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வக்கீல் இருந்தான். அப்பாவின் கை வக்கீலின் தலைமேல் இருந்தது.

அப்பா முதலில் நாயைப் பற்றிப் பேசவில்லை. "நான் என்ன மேடம், இவ்ளோ கருப்பா?" என்றார்.

"கருப்புன்னு ஒரு நிறம் இதுல எங்கயும் இல்லையே சார். சிவப்பு இருக்கு, நீலம் இருக்கு. காதுகிட்ட கொஞ்சம் பச்சைகூட இருக்கு."

"பச்சையா? என் காதுலயா?"

"ஜன்னலுக்கு வெளிய வேப்பமரம் இருக்குல்ல சார்."

"எல்லாரும் கொஞ்சம் கலராத்தானே போடுவாங்க? பாக்க நல்லா இருக்கணும்ல?"

"வெள்ளையாப் போட ஒரு ட்யூப் போதும் சார், எனக்கும் வேலை மிச்சம். ஆனா சுவத்துல வேற யாரோ இருப்பாங்க. நீங்க தினமும் அவருக்குக் கீழ உட்காரணும்."

அப்பா படத்துக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். பிறகு விரலை நீட்டினார். "கோட்டு மட்டும் நல்லா வந்திருக்கு. சரி, இந்தக் கை யாரோடது?"

"உங்களோடதுதான்."

"நான் எப்போ நாயைத் தடவினேன்?"

"நான் பிரஷ் கழுவத் திரும்புறப்போ எல்லாம்," என்றார் ஆன்ட்டி. "திரும்பினா எனக்கு எதிர்ல அலமாரிக் கண்ணாடி. அதுல எல்லாம் தெரியும்."

நாகராஜ் அங்கிள் சிரித்திருந்தால் அப்பா பொறுத்திருப்பார். சிரித்தது நான். சத்தமாகச் சிரித்துவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வெளியே போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அந்த வீட்டு வாசப்படியை இனி யாரும் மிதிக்கக் கூடாது. யாருமே," என்றார். அந்த 'யாருமே' எனக்காகச் சொன்னது. பட்டறைச் சுவரில் அந்த வெளுத்த கட்டம் அப்படியே இருக்கிறது.

நான் மிதித்தேன். அதுதான் உண்மை. மாலையில் நாயை நடத்திக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போவேன். வக்கீலே இழுத்துக்கொண்டு போனான் என்றும் சொல்லலாம். ஆன்ட்டியின் பின்னறையில் ஒரு சுவர் இருந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். படம் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவர்களின் படங்கள் எல்லாம் அங்கே வரிசையாகத் தொங்கும். "கோவிச்சுக்கிட்டவங்க சுவர்" என்பார். மூக்கு பெரிதாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்ட ஒரு பல் டாக்டர், இரட்டைத் தாடைக்காகக் கோபித்துக்கொண்ட ஒரு மணப்பெண், கிளிக்குப் பக்கத்தில் தன்னைச் சின்னதாகப் போட்டுவிட்டதாகச் சொன்ன ஓர் அம்மா. அங்கே அப்பாவும் சேர்ந்தார். ஒரு படத்தின் மேலும் ஆன்ட்டி வேறு படம் போட்டதில்லை. கேன்வாஸ் வீண்தானே என்று கேட்டேன்.

"வருவாங்கம்மா," என்றார். "மூஞ்சி இங்க இருக்கு. ஆளு எவ்ளோ தூரம் போயிடப் போறாங்க?"

"அப்பா வர மாட்டாரு ஆன்ட்டி. உங்களுக்கு அவரைத் தெரியாது."

"அத்தனை ஞாயித்துக்கிழமை அவர் மூஞ்சியையே பாத்திருக்கேன். எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு வக்கீலுக்குப் பிஸ்கட் எடுக்கப் போய்விட்டார்.

பொங்கலுக்குப் பிறகு எனக்கு மாலை வகுப்புகள் ஆரம்பமாகிவிட்டன. அங்கே போவது குறைந்து, பிறகு நின்றே போனது. கடைசியாக அவரைப் பார்த்தபோது சண்டைக்காரச் சேவல் ஒன்றை நாற்காலியில் நிற்க வைக்க முயன்றுகொண்டிருந்தார். சேவலின் சொந்தக்காரர் மேசை மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சி எனக்குப் போதும், அதைவிட நல்ல கடைசிக் காட்சி வேண்டியதில்லை.

ஆன்ட்டி போன அன்று இரவு அம்மா சாப்பாட்டின்போதுதான் அப்பாவிடம் சொன்னாள். நான் தெரியாத மாதிரி அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா சாதத்தில் கை வைத்தபடியே இருந்தார். பிறகு "ரசம்," என்றார். அம்மா ஊற்றினாள். அதைச் சாப்பிடாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அடக்கத்துக்கு அம்மா மட்டும் போய் வந்தாள்.

நேற்று ஆன்ட்டியின் தம்பி அந்தோணி அங்கிள் அப்பாவுக்குப் போன் செய்தார். அவர் கேஜிஎஃப்பில் இருக்கிறார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். அதனால் படங்களை வந்து எடுத்துக்கொள்ளும்படி ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா... ஆமா, நான்தான்... அதெல்லாம் எனக்கு வேணாம்பா. கிழிச்சுப் போட்டுடுங்க."

"யாருங்க?" என்றாள் அம்மா.

"ராங் நம்பர்."

யார், எதைப் பற்றி என்று எனக்குப் புரிந்துவிட்டது. இன்று பள்ளி விட்டதும் நேராக ஆன்ட்டி வீட்டுக்கு ஓடினேன். பின்னறைச் சுவர் காலியாக இருந்தது. பல் டாக்டர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். மணப்பெண் கைக்குழந்தையோடு வந்தாளாம். அப்பா மட்டும் மிச்சம், முன்னறையில் ஈசல் மேல் இருந்தார்.

"உங்கப்பா கிழிச்சுப் போடச் சொல்லிட்டாரும்மா. எனக்கு மனசு வரல," என்றார் அந்தோணி அங்கிள்.

"நான் எடுத்துக்கறேன் அங்கிள். அப்பாகிட்டச் சொல்லாதீங்க."

"எடுத்துக்கோ. பாத்துப் போ, இன்னும் ஈரம். கடைசியா இதைத்தான் போட்டுக்கிட்டு இருந்திருக்கா போல. அப்படியே நீயும் நாலு வரி எழுதிக் குடும்மா, ஞாயித்துக்கிழமை வாசிக்கலாம்."

ஈரம் என்று அவர் சொன்னதும் நான் யோசித்திருக்க வேண்டும். போன மழைக்காலத்தில் முடிந்த படம் இப்போது எப்படி ஈரமாக இருக்கும்? பயத்தில் எனக்கு அதெல்லாம் ஓடவில்லை. அப்பாவின் முகம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சட்டத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று படத்தை என் பக்கம் திருப்பிக் கை நீட்டிப் பிடித்திருந்தேன். அப்போதுதான் முழுப் படத்தையும் பார்த்தேன்.

கோட்டு இல்லை.

கோட்டு இருந்த இடத்தில் நீலக் கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை இருந்தது. நான் வாயைப் பிளந்த நேரத்தில் ஆட்டோ ஒரு வேகத்தடை மேல் ஏறிக் குதித்தது. படம் என் மேல் வந்து ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது அப்பாவின் சட்டையில் ஒரு கட்டம் என் யூனிஃபார்ம் சட்டையில் இருந்தது. கறையைப் பார்க்க நான் படத்தை முன்பக்கம் திருப்பியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்தார். "யாரும்மா அது, எம்எல்ஏவா?" என்றார். எங்கள் அப்பா என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நாயி சக்கத்தாகிதே," என்றார். நாய் பிரமாதமாக இருக்கிறதாம்.

படம் இப்போது என் அறையில் பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. சுவரில் ஒட்டாதபடி நாலு மூலையிலும் அழிப்பான்களை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். அப்பாவின் சட்டைக் காலரில் ஒரு கொசு ஒட்டியிருக்கிறது. அதை நான் எடுக்கவில்லை. "ஈரத்துல எடுத்தா கொசுவோட சாயமும் வரும். காயட்டும், அப்புறம் ஊதினாலே போயிடும்," என்று ஆன்ட்டி சொல்லியிருக்கிறார். யூனிஃபார்மில் சமையல் எண்ணெய் தேய்த்து சோப்பில் ஊறவைத்திருக்கிறேன். அதுவும் அவர் சொன்னதுதான். அறை முழுக்கச் சாயத்தில் கலக்கும் ஆளிவிதை எண்ணெய் வாசனை. வக்கீல் பீரோ இடுக்கில் மூக்கை நுழைத்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டே படுத்திருக்கிறான். அவனுக்கு ஆன்ட்டி உள்ளே இருப்பதாக நினைப்பு.

அந்தச் சட்டையைப் பற்றித்தான் இவ்வளவு நேரமும் யோசிக்கிறேன். அது அம்மா பொங்கலுக்கு அப்பாவுக்கு எடுத்தது. உயிரோடு இருக்கிறவர்களை ஆன்ட்டி நேரில் உட்கார வைக்காமல் போட்டதே இல்லை. அப்படியானால் பொங்கலுக்குப் பிறகு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு யாரோ அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பாவாக இருக்குமோ என்று ஒரு நிமிடம் தோன்றியது. ஆனால் அப்பாவா? பிறகுதான் முருகேசன் அண்ணன் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுத் துணியெல்லாம் அவரிடம்தான் இஸ்திரிக்குப் போகிறது. அவருக்கும் அப்பாவுக்கும் ஒரே உடம்பு. வண்டியில் அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு, "முருகேசா, அதை மாட்டிக்கிட்டு ஒரு நிமிஷம் வந்து உட்காரு," என்று ஆன்ட்டி சொல்லியிருக்கலாம். அவர் சொல்லக்கூடியவர்தான். அந்தக் கோட்டு ஆன்ட்டிக்கு எப்போதுமே பிடிக்கவில்லை.

அப்படித்தான் நடந்தது என்றால் எனக்கு நல்லதில்லை. அந்தப் படத்தில் அப்பா நன்றாக இருக்கிறது என்று சொன்னது கோட்டை மட்டும்தான். அதுவும் போய்விட்டது. இனி அவர் கண்ணில் பட்டால் அவரே கிழித்துவிடுவார். கிழித்தால் அந்தக் கையும் போய்விடும். அப்பாவின் கை வக்கீலின் தலைமேல் இருக்கிறது என்பதற்கு உலகத்தில் வேறு சாட்சி இல்லை. எனக்கு அந்தப் படம் வேண்டும்.

இன்று அப்பா பட்டறையிலிருந்து வழக்கத்தைவிடத் தாமதமாக வந்தார். செருப்பைக் கழற்றும்போதே நின்று மூச்சை இழுத்தார்.

"என்ன வாசனை?"

"என்ன வாசனை? நீங்கதான் பட்டறை எண்ணெயோட வந்து நிக்கிறீங்க," என்றாள் அம்மா.

அப்பா செருப்பை ஓரமாக விட்டுவிட்டு நேராக நடந்தார். என் அறைக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றார், உள்ளே வரவில்லை. பிறகு சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு தடவை என்னைப் பார்த்தார். அவர் பார்த்த இரண்டு தடவையும் நான் தண்ணீர் குடித்தேன்.

ஆன்ட்டியிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுத வேண்டும் இல்லையா? அதையும் எழுதிவிடுகிறேன். திரும்பிக்கொண்டு பார்க்கிற பழக்கம் அது. ஆளை நேராகப் பார்த்தால் அவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார், கோட்டு போட்டுக்கொள்வார். நாம் வேறு வேலையாக இருப்பதாக அவர் நினைக்க வேண்டும். இன்று நான் தண்ணீர் குடிக்கத் தூக்கிய எவர்சில்வர் சொம்பில் அப்பா கோணலாகத் தெரிந்தார். சப்பாத்தியில் பாதியைப் பிய்த்து மேசைக்குக் கீழே நீட்டினார். கீழே ஒரு வால் தரையை அடிக்கும் சத்தம் கேட்டது. நான் சிரிக்கவில்லை. இந்தத் தடவை சிரிக்கவே இல்லை, ஆன்ட்டி. தண்ணீரை மெதுவாகக் குடித்து முடித்தேன். இந்த வீட்டில் நான் இனி இப்படித்தான் பார்க்கப் போகிறேன். உங்களிடமும் அவர் அப்படி எதையாவது பார்த்திருப்பார். அது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும். இன்று ஒரு தடவை விளக்கைப் போட்டுப் பாருங்கள், குறிப்பாகக் கைகளை

கதவு தட்டுகிறது.

அம்மா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே தட்டுவாள். இது விரல் நுனியால், பக்கத்து அறைக்குக் கேட்காத மாதிரி. வக்கீல் எழுந்து கதவுக்குப் போய்விட்டான்.

"பாப்பா."

அப்பாதான். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"பாப்பா, அது காஞ்சிருச்சா?"